ஜன்னல் இல்லாத வீடு: ஜப்பான் அழகு நம்ம ஊருக்கு வந்த கதை

புதுச்சேரியில் ஒரு கட்டடம் இருக்கிறது. மூன்று மாடி. அதன் வடக்கு முகத்திலும் தெற்கு முகத்திலும் நாம் ஜன்னல் என்று சொல்வது ஒன்றுகூட கிடையாது. கண்ணாடியும் கிடையாது. ஏசி கிடையாது.

ஆனால் உள்ளே காற்று நடமாடிக்கொண்டே இருக்கும்.

கட்டடத்தின் பெயர் கோல்கோண்ட். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தினர் தங்குவதற்காக 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களின் நடுவில் கட்டி முடித்தார்கள். திண்டிவனத்தில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். வல்லம், செஞ்சி பக்கத்து மக்கள் துணி எடுக்க, ஆஸ்பத்திரி பார்க்க, கடற்கரை பார்க்க அதே புதுச்சேரிக்குத்தான் போகிறோம். எத்தனை பேர் இந்தக் கட்டடத்தைக் கேள்விப்பட்டிருப்போம்?

ஒரு டாக்டருக்கும் கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்க கேட்கலாம். சம்பந்தம் இருக்குங்க. கடைசியில் சொல்றேன். இழை கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

ஜப்பான் என்றால் நமக்கு என்னென்ன ஞாபகம் வருகிறது? புல்லட் ரயில், கராத்தே, அனிமே, செர்ரிப் பூ, குனிந்து வணக்கம் சொல்லும் மனிதர்கள். அழகான விஷயங்கள்தான். ஆனால் ஜப்பானியப் பண்பாட்டின் ஆழமான அழகு அவர்களுடைய பழைய சாதாரண வீட்டில் இருக்கிறது என்பேன்.

அந்த வீட்டை முதலில் புரிந்துகொள்வோம்.

ஜப்பானில் பனி கொட்டும் என்பது நமக்குத் தெரியும். அங்கே கோடை எப்படி இருக்கும் தெரியுமா? டோக்கியோ, கியோட்டோ பக்கமெல்லாம் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புழுக்கம் தாங்காது. நம்ம கடலோர ஊர்களின் வேர்வை அங்கேயும் உண்டு. யோஷிதா கென்கோ என்ற 14ஆம் நூற்றாண்டுத் துறவி, வீடு கட்டுகிறவர் கோடையை நினைத்துக் கட்ட வேண்டும் என்ற கருத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குளிரை எப்படியும் சமாளித்துவிடலாம், வெக்கை வீட்டைத்தான் தாங்க முடியாது என்பது அவர் கட்சி.

அதனால் பழைய ஜப்பானிய வீடு எப்படி இருந்தது?

தரையைத் தொடாமல் கால்களின் மேல் நிற்கும். அடியில் காற்று போகும். கூரை நன்றாக வெளியே இறங்கி, சுவரில் வெயில் படாமல் காக்கும். பாரத்தைத் தூண்கள் தாங்கிக்கொள்ளும். சுவருக்குப் பதில் தள்ளுகதவுகள். மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய ஷோஜி, அறைகளைப் பிரிக்கும் ஃபுசுமா. வேண்டும்போது தள்ளிவிட்டால் வீடு முழுக்க ஒரே கூடம்! கோடையில் கதவுகளைக் கழற்றியே வைத்துவிடலாம். வெளியே மூங்கில் பிளாச்சுத் திரை தொங்கும். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே எங்கவா என்ற மரத்தாழ்வாரம்.

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? நம்ம திண்ணையும் தாழ்வாரமும் மூங்கில் தட்டியும் இதன் அண்ணன் தம்பிகள்தான். யாரும் யாரிடமிருந்தும் காப்பி அடிக்கவில்லை. ஒரே மாதிரி வெக்கையும் வேர்வையும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி யோசிக்க வைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

சரி, இந்த அறிவு புதுச்சேரிக்கு எப்படி வந்து சேர்ந்தது?

ஆசிரமத்தில் ஸ்ரீ அன்னை என்று அழைக்கப்பட்ட மிரா அல்ஃபாசா, 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்தவர். அவர் ஜப்பானை விட்டுக் கிளம்பிய அதே 1920இல், பிலிப் பார்பியே என்ற பிரெஞ்சு என்ஜினீயர் அங்கே போய்ச் சேர்ந்தார். நான்கு வருடம் இருந்தார். பிறகு 1925இல் புதுச்சேரி வந்து ஆசிரமத்தில் சேர்ந்து பவித்ரா ஆனார்.

ஆசிரமத்தில் தங்குவோருக்கு ஒரு கட்டடம் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, டோக்கியோவில் தனக்குத் தெரிந்த ஓர் ஆர்க்கிடெக்டின் பெயரைச் சொன்னார் பவித்ரா.

அவர்தான் ஆன்டனின் ரேமண்ட்.

இந்தப் பெயரை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் வெளிச்சமும் இருட்டும் இவரிடம்தான் இருக்கிறது.

ரேமண்ட் பிறந்தது 1888இல், இன்றைய செக் நாட்டில். அமெரிக்கா போனார். புகழ்பெற்ற ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் வேலை செய்தார். டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்டும் வேலைக்காக ரைட்டுடன் 1919இல் ஜப்பான் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். கிட்டத்தட்ட 18 வருடம்! ஜப்பானியத் தச்சர்களிடம் மாணவன் மாதிரி கற்றார். அவர்களுடைய மர வீட்டின் தத்துவத்தைக் கான்கிரீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று முயன்றுகொண்டே இருந்தார்.

அவருடைய டோக்கியோ அலுவலகத்தில் ஓர் இளைஞர் இருந்தார். ஜார்ஜ் நகஷிமா. 1905இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரத்தில், ஜப்பானில் இருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். காட்டியல் படித்து, பிறகு கட்டடக்கலை படித்து, தன் வேர் இருக்கும் மண்ணைத் தேடி ஜப்பான் வந்தவர்.

1937இல் நகஷிமா புதுச்சேரிக்கு வந்தார். அடுத்த வருடம் ரேமண்டும் அவர் மனைவி நொயமியும் குடும்பத்தோடு வந்து சில மாதங்கள் தங்கினார்கள். மூன்றாவது ஆளாக ஃபிரான்டிஷெக் சாமர் என்ற செக் இளைஞர். இவர் பாரிஸில் லெ கொர்பூசியேவிடம் வேலை பார்த்தவர். ஆம், பிற்பாடு சண்டிகர் நகரத்தை வடிவமைத்த அதே கொர்பூசியேதான்.

செலவுக்குப் பணம்? ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலமாக நிஜாம் அரசில் இருந்து 1 லட்சம் ரூபாய் வந்தது. அந்தக் காலத்து 1 லட்சம்! ஹைதராபாத் என்றால் கோல்கொண்டா கோட்டையும் வைரமும். நன்றிக்கடனாகக் கட்டடத்துக்கு அந்தப் பெயரே வைத்தார்கள். பிரெஞ்சு உச்சரிப்பில் கோல்கோண்ட்.

யோசித்துப் பாருங்க. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஒரு தமிழ் ஊரில், நிஜாம் பணத்தில், ஒரு செக்காரரும் அமெரிக்க ஜப்பானியரும் இன்னொரு செக்காரரும் சேர்ந்து, ஜப்பானில் கற்ற பாடத்தை வைத்து ஒரு வீடு கட்டுகிறார்கள். இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று என்று இன்று கட்டடக்கலை படிப்பவர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள்.

சரி, எப்படிக் கட்டினார்கள்?

முதலில் அவசரப்படவில்லை. ஒரே ஓர் அறையை நிஜ அளவில் மாதிரியாகக் கட்டிப் பார்த்தார்கள். சரியாக வருகிறதா, எங்கே தப்பு வருகிறது என்று சோதித்தார்கள். அதற்குப் பிறகுதான் முழுக் கட்டடம். வேலை செய்தவர்களில் பலர் ஆசிரமவாசிகள். அதற்கு முன் கொத்துவேலை, கம்பிவேலை எதுவும் தெரியாதவர்கள்.

இப்போது கட்டடத்தைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்ப்போம். உடம்பைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்துப் பழகிய தொழில் இல்லையா!

திசை: நீளமான பக்கங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. கிழக்கு மேற்கு வெயில் தாழ்வாக வந்து சுவரில் அடிக்கும். அந்தப் பக்கங்களைக் குறுக்கிவிட்டால் பாதி வெக்கை வாசலிலேயே நின்றுவிடும்.

முகப்பு: இரு பக்கமும் தரையில் இருந்து மேல்வரை படுக்கை வாட்டில் அகலப் பட்டைகள். நம்ம பழைய பாத்ரூமில் கண்ணாடிப் பட்டையைத் திருப்பித் திறக்கும் லூவர் இருக்கும் இல்லையா, அதையே ஒரு கட்டடத்தின் சுவர் முழுக்க வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான். காற்று வேண்டுமா, திற. சாரல் அடிக்கிறதா, சாய்த்து வை. புயல் வருகிறதா, மூடு. வெளிச்சம் உள்ளே வரும், வெயில் வராது.

அறை: வடக்கே நீள நடை, தெற்கே அறைகள். நடுவில் தேக்குமரத் தள்ளுகதவு. பலகைகளை ஒன்றுவிட்டு ஒன்று முன்னும் பின்னுமாக அடுக்கியிருப்பார்கள். இடைவெளியில் காற்று புகும், கண் புகாது. கதவை மூடிக்கொண்டு தூங்கலாம், புழுங்காது. ஷோஜி செய்த வேலையை இங்கே தேக்கு செய்கிறது.

கூரை: தட்டையான தளத்துக்கு மேல் வளைந்த மெல்லிய கான்கிரீட் ஓடுகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்கள். தளத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்று ஓடும். வெயிலை ஓடு வாங்கிக்கொள்ளும். தளம் நிழலில் கிடக்கும். கூரைக்கே ஒரு குடை!

தரை: கறுப்புக் கடப்பா கல். சுவர்ப் பூச்சு: கடல் கிளிஞ்சலை அரைத்துச் செய்த வழவழப்பான வெள்ளைப் பூச்சு. இரண்டும் நம்ம பக்கத்துப் பொருட்கள். கீல், தாழ்ப்பாள் எல்லாம் பித்தளை. பக்தர்கள் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள். யாரோ ஒரு வீட்டின் குடமும் சொம்பும் இன்று அங்கே கதவுக்குக் கீலாக இருக்கிறது.

கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் நகஷிமா வடிவமைத்தவை. அறையில் வேண்டியது மட்டும் இருக்கும். வேண்டாதது ஒன்றும் இருக்காது.

இதில் ஜப்பான் எங்கே இருக்கிறது என்று தேடினால் கண்ணுக்கு எதுவும் அகப்படாது. காகித விளக்கு இல்லை. வளைந்த கோயில் கூரை இல்லை. செர்ரி மரம் இல்லை. ஜப்பானிய வீட்டின் தோற்றத்தை அவர்கள் எடுத்துவரவில்லை. அது யோசித்த விதத்தை எடுத்துவந்தார்கள். இந்த இடத்தின் காற்று என்ன, வெயில் என்ன, கையில் கிடைக்கும் பொருள் என்ன என்று பார்த்து, அதற்குப் பணிந்து கட்டுவது. அழகு அதிலிருந்து தானாக வந்தது. தனியாக ஒட்டவில்லை.

இப்போது கதையின் இருட்டுப் பக்கம்.

கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் உலகப்போர் வந்துவிட்டது. ரேமண்ட் அமெரிக்கா போய்விட்டார். ஆசிரமத்திலேயே சேர்ந்து சுந்தரானந்தா என்று பெயர் பெற்றிருந்த நகஷிமாவும் 1939இல் கிளம்பினார். மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்ட சாமரும் ராணுவத்தில் சேரப் போனார்.

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. அடுத்த சில மாதங்களில் அமெரிக்க அரசு தன் மேற்குக் கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்து முள்வேலி முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலானவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். செய்த குற்றம்? முகம்தான்.

நகஷிமா, அவர் மனைவி, கைக்குழந்தையான மகள் மூன்று பேரும் ஐடஹோ மாநிலத்தில் மினிடோக்கா முகாமுக்குப் போனார்கள். பாலைவனப் புழுதிக்கு நடுவே தார்க்காகிதமும் பலகையுமாக ஓர் அறை.

அங்கே ஜென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரைச் சந்தித்தார். ஜப்பானிய முறையில் பயிற்சி பெற்றவர். கிடைத்த கட்டைத் துண்டுகளை வைத்து அவரிடம் தச்சு கற்றார் நகஷிமா. படித்த ஆர்க்கிடெக்ட், முகாமில் ஒரு தச்சருக்குச் சீடன்!

1943இல் அவரை முகாமில் இருந்து வெளியே எடுத்தது யார் தெரியுமா? பழைய முதலாளி ரேமண்ட். பென்சில்வேனியாவில் தன் பண்ணையில் வேலை கொடுத்து, பொறுப்பேற்று அழைத்துக்கொண்டார்.

நல்ல மனிதர் என்று தோன்றுகிறது இல்லையா? பொறுங்க.

அதே 1943இல், அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு கேள்வி இருந்தது. ஜப்பானிய வீட்டை எரிக்க எந்தக் குண்டு சரியாக வேலை செய்யும்? சோதித்துப் பார்க்க ஜப்பானிய வீடுகள் வேண்டும். அமெரிக்காவில் அந்த வீட்டை அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவர் யார்?

ரேமண்ட்.

யூட்டா பாலைவனத்தில் டக்வே என்ற சோதனைத் தளத்தில் ஜப்பானியக் கிராமம் ஒன்றை அவர் வடிவமைத்துக் கொடுத்தார். மரம், கூரை, தரையில் விரிக்கும் தாதாமிப் பாய் வரை அசல் மாதிரி. ராணுவம் அதன்மேல் நேபாம் குண்டு போட்டது. எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். திரும்ப எரித்தார்கள்.

காற்று தாராளமாக நுழைந்துபோகும் வீடு. காகிதக் கதவு, மரத்தூண், வைக்கோல் பாய். எதெல்லாம் அந்த வீட்டின் அழகோ, அதெல்லாம் தீக்குச் சாதகம். அதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

1945 மார்ச் 9 இரவும் 10 விடியற்காலையும் டோக்கியோ மேல் அந்த வகைக் குண்டுகள் விழுந்தன. ஒரே இரவில் சுமார் 1 லட்சம் பேர் செத்தார்கள் என்பது கணக்கு. ரேமண்ட் 18 வருடம் வாழ்ந்த நகரம் அது.

மருத்துவப் படிப்பில் எங்களுக்கும் இந்தப் பயம் உண்டு. உடம்பு எப்படி வாழ்கிறது என்று கற்றவனுக்கு அது எப்படிச் சாகும் என்பதும் தெரியும். அறிவு இரண்டு பக்கமும் வெட்டும். ரேமண்ட் கையில் இருந்த ஒரே அறிவு, ஒரு பக்கம் கோல்கோண்டைக் கட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் டோக்கியோவை எரிக்க வழி சொன்னது. போரைச் சீக்கிரம் முடிக்கத்தான் என்று வாதாடுபவர்கள் உண்டு. ஆனால் ஒரு பண்பாட்டின் அழகை ரசிப்பதும் அந்த மக்களை மனிதர்களாக மதிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

போர் முடிந்ததும் ரேமண்ட் ஜப்பான் திரும்பினார். சாம்பலான டோக்கியோவில் மறுபடி கட்டடங்கள் கட்டினார். 1976இல் இறந்தார்.

நகஷிமா அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். கட்டடத் தொழிலையும் கிட்டத்தட்ட விட்டுவிட்டு மரவேலைக்காரர் ஆனார். மரத்தின் ஓரத்தைச் சீவி நேராக்காமல் இயற்கையான வளைவோடு விடுவார். பலகையில் விரிசல் இருந்தால் தூக்கி எறிய மாட்டார். விரிசலுக்குக் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஒரு மரத்துண்டைப் பதித்துப் பிடித்து நிறுத்துவார். எலும்பு முறிவுக்கு நாங்க பிளேட் வைக்கிற மாதிரி. ஆனால் அவர் மறைக்க மாட்டார். விரிசலும் தெரியும், சேர்த்த இடமும் தெரியும். 1964இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வந்து வேலை செய்தார். உலகப் புகழோடு 1990இல் மறைந்தார்.

சரி, டாக்டருக்கு இதில் என்ன சம்பந்தம்? இதோ.

ஏப்ரல், மே மாதங்களில் வல்லம், செஞ்சி, திண்டிவனம் பக்கம் எந்த ஆஸ்பத்திரியிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தலைசுற்றல், கைகால் குடைச்சல், தூக்கமே இல்லை, மூத்திரம் கடுக்குது, மஞ்சளாப் போகுது. வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர்கள். விசாரித்தால் பலருக்கும் ஒரே பதில் வரும். "புதுசா தளம் போட்டு வீடு கட்டினோம் சார். ராத்திரி உள்ள படுக்க முடியல."

என்ன நடக்கிறது? பகல் முழுக்க மொட்டை மாடித் தளம் வெயிலைக் குடிக்கிறது. இருட்டினதும் குடித்ததைக் கீழே விடுகிறது. ஒரு ஜன்னல்தான், அதுவும் கொசுவுக்குப் பயந்து மூடி. எதிர்ச்சுவரில் காற்று வெளியேற வழி இல்லை. நம் உடம்பு சூட்டை வெளியேற்றுவது வேர்வை ஆவியாவதால். காற்று அசையாவிட்டால் வேர்வை வழியுமே தவிர ஆவியாகாது. பகல் சூட்டை உடம்பு தாங்கிக்கொள்ளும், ராத்திரி ஆறுவதற்கு ஒரு வாய்ப்பு கிடைத்தால். அந்த வாய்ப்பைத்தான் இந்த வீடு பிடுங்கிக்கொள்கிறது.

இன்னொன்று, காசநோய் மாதிரி காற்றில் பரவும் நோய்களுக்கும் அடைத்த அறைதான் கொண்டாட்டம். மருத்துவமனைகளில் இயற்கைக் காற்றோட்டத்தை எப்படி அமைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2009இல் தனி வழிகாட்டி வெளியிட்டது.

குடிசையும் ஓட்டு வீடும் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. தீ, பாம்பு, மழை, புயல் எல்லாம் பட்டவர்கள் நாம். தானே புயலை மறக்க முடியுமா? கான்கிரீட் வீடு கட்டியது கௌரவத்துக்காக மட்டும் இல்லை, பாதுகாப்புக்கும்தான். கோல்கோண்டும் கான்கிரீட்தாங்க! பொருளில் குற்றமில்லை. யோசிக்காமல் ஊற்றியதில்தான் குற்றம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். கோல்கோண்டின் அந்தப் பட்டைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் செய்தவை. அந்தக் காலத்தில் அது அதிசயப் பொருள். இன்று அதன் தூசி நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் கொடுக்கும் என்று தெரியும். ஜப்பானே 2006இல் ஏறக்குறைய முழுதாகத் தடை செய்துவிட்டது. ஆகவே பாடத்தை எடுங்க, பொருளை எடுக்காதீங்க. வீட்டில் ஏற்கெனவே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை அறுப்பது, உடைப்பது, துளை போடுவது வேண்டாம்.

வீடு கட்டப் போகிறவர்கள் மேஸ்திரியிடம் இதைக் கேளுங்க:

* நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும்படி வைக்க மனை இடம் கொடுக்குமா?
* ஒவ்வொரு அறையிலும் காற்று வர ஒரு வழி, போக எதிரில் ஒரு வழி இருக்கிறதா?
* மேற்குச் சுவருக்கு நிழல் உண்டா? மரம், பந்தல், தாழ்வாரம் எதுவானாலும் சரி.
* மொட்டை மாடிக்கு நிழல் என்ன? குறைந்தபட்சம் வெள்ளைச் சுண்ணாம்பு, முடிந்தால் இடைவெளி விட்டு ஒரு கீற்றுப் பந்தல்.
* எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை போட்டாச்சா? போட்டால்தான் ராத்திரி திறந்து வைப்பீர்கள்.

ஏற்கெனவே கட்டி முடித்தவர்களும் கடைசி மூன்றைச் செய்யலாம். பெரிய செலவில்லை.

கோல்கோண்டில் இன்றும் ஆட்கள் வசிக்கிறார்கள். சும்மா உள்ளே போய்ப் பார்க்க முடியாது, அனுமதி வேண்டும். அடுத்த முறை புதுச்சேரி போனால் தெருவில் நின்று வெளியிலிருந்தாவது அதன் சுவரையும் மரங்களையும் பாருங்க. பிறகு வீட்டுக்கு வந்து, வெயில் காலத்தில் உங்கள் அம்மாவோ அப்பாவோ படுக்கும் அறையில் ராத்திரி 10 மணிக்கு ஒரு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்க. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று கவனிங்க.

வரவில்லை என்றால், மேலே சொன்ன பட்டியலில் இருந்து ஒன்றையாவது இந்தக் கோடைக்குள் செய்துவிடுங்க.

வீடு கட்டிக்கொண்டிருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவருக்கும் அனுப்புங்க.